கார்பன் பிடிப்பு ஆய்வு: புதுப் பொருள் தேடுவதா, இருப்பதை ஓட வைப்பதா?

#1 நறுமுகை

வணக்கம். வேதியியல் முதுகலை முடிக்கப் போகிறேன். புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் ஒரு நுண்துளைப் பொருளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய இடம் கிடைத்திருக்கிறது. மாஃப் என்பார்களே, உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துக் கட்டும் சட்டகம், அந்த வகை. இவற்றில் சில பொருட்களின் ஒரு கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்குப் பரப்பு ஒளிந்திருக்கிறது. படித்த நாளிலிருந்து அதை விட மனம் வரவில்லை.

ஆனால் சேர்வதா வேண்டாமா என்று ஒரு மாதமாகக் குழப்பம். "இது எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஆயுள் நீட்டிக்கும் வேலை" என்கிறாள் என் தோழி. "கார்பன் பிடிப்பு இல்லாமல் எந்தக் கணக்கும் தேறாது" என்கிறார் பேராசிரியர். இரண்டு பேருமே நான் மதிக்கிறவர்கள். பிளாண்ட்டிலும் களத்திலும் இருப்பவர்கள் சொல்லுங்கள்: இந்தத் தொழில்நுட்பம் உண்மையில் எங்கே தடுமாறுகிறது? பிடிப்பதிலா, புதைப்பதிலா? ஒரு புது மூலக்கூறு வந்தால் எதுவும் மாறுமா?

#2 கோபுரத்தடி

வாங்க தங்கச்சி. எரிவாயு சுத்திகரிப்பில் 19 வருஷம் அமீன் கோபுரத்தடியில் நின்றவன் நான். அமீன் என்பது நைட்ரஜன் உள்ள, காரத் தன்மை கொண்ட ஒரு கரிமச் சேர்மம். பிடிக்கிற பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இது புதுச் சரக்கு இல்லை. அமீன் கரைசலால் வாயுவைக் கழுவும் முறைக்கு பாட்டம்ஸ் என்பவர் 1930லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கோபுரத்தின் மேலிருந்து அமீன் கலந்த தண்ணீர் இறங்கும், கீழிருந்து வாயு ஏறும். 40 டிகிரி சூட்டில் அமீன் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கரைசலை அடுத்த கோபுரத்துக்குக் கொண்டுபோய் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். குளிர வைத்துத் திரும்ப முதல் கோபுரத்துக்கு. இந்தச் சுற்று ராப்பகலாக ஓடும்.

செலவு இரண்டாவது கோபுரத்தில்தான். வழக்கமான கரைசலில் அமீன் 30 சதவீதம். மிச்சம் 70 சதவீதம் வெறும் தண்ணீர். வாயுவை விடுவிக்க வேண்டும் என்றால் அத்தனை தண்ணீரையும் சேர்த்துத்தான் சூடாக்க வேண்டும். ஒரு டன் கரியமில வாயுவுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் போகும். நிலக்கரி மின் நிலையத்தில் இதை மாட்டினால் அது தரும் மின்சாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதற்கே சரியாகிவிடும். புதுக் கரைப்பான்கள் 2.5 பக்கம் வந்துவிட்டன. அது நிஜமான முன்னேற்றம், மறுக்க மாட்டேன்.

ஆனால் ஆய்வுத் தாள்களில் குறைவாகவும் பிளாண்ட்டில் நாள்முழுக்கவும் பேசப்படுவது வேறொன்று. இயற்கை எரிவாயு அழுத்தத்தோடு வரும், அதில் ஆக்சிஜன் இருக்காது. அதனால்தான் அங்கே அமீன் வருஷக்கணக்கில் தாங்கியது. புகை அப்படி இல்லை. ஆக்சிஜன் இருக்கும், கந்தக டை ஆக்சைடு இருக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கும், வடிகட்டியைத் தாண்டி வந்த பொடிச் சாம்பல் இருக்கும். ஆக்சிஜன் அமீனை உடைக்கும். உடைந்த அமீன் குழாயின் இரும்பை அரிக்கும். கரைந்த இரும்பு, ஆக்சிஜன் அமீனை உடைக்கும் வேகத்தை இன்னும் கூட்டும். ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிட்டுக்கொண்டே போகும்.

புகையில் ஓடிய ஒரு சோதனை யூனிட்டில் சில காலம் இருந்தேன். முதல் நாள் கரைசல் தண்ணீர் மாதிரி தெளிவு. ஆறாவது வாரம் டேங்க்கின் பார்வைக் கண்ணாடியில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவவில்லை. கோபுரத்துக்குள் நுரை கட்டி, கரைசல் மேல்வழியாகவே வெளியேறத் தொடங்கியது. ஆய்வகத்தில் அதே கரைப்பான் அற்புதமாக வேலை செய்திருந்தது. சிலிண்டரில் வந்த சுத்தமான வாயுவை வைத்து.

#3 வெயிலோன்

நறுமுகை, உங்கள் தோழி சொல்வதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எரிச்சலில் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள்.

உலகம் முழுக்க ஓடும் பிளாண்ட்களின் மொத்தப் பிடிப்புத் திறன் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன். எரிபொருளும் தொழில்களும் வெளிவிடுவது 3,700 கோடி டன்னுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது. அந்த 5 கோடியிலும் பெரும்பகுதி, வற்றும் எண்ணெய்க் கிணறுகளில் அழுத்தி இன்னும் எண்ணெய் எடுக்கப் போகிறது. டெக்சாஸில் 1972லிருந்து நடக்கும் வேலை இது. அப்போது அதற்குக் காலநிலை என்ற பெயரே கிடையாது.

மின் நிலையங்களின் கதை இன்னும் கசப்பு. மிசிசிப்பியில் கெம்பர் திட்டம் 700 கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டு, 2017இல் நிலக்கரியை வாயுவாக்கும் பகுதியையே கைவிட்டது. டெக்சாஸின் பெட்ரா நோவா அதே 2017இல் தொடங்கி நன்றாகவே பிடித்தது. ஆனால் பிடித்த வாயுவுக்கான வருமானம் எண்ணெய் விலையோடு கட்டப்பட்டிருந்தது. 2020இல் எண்ணெய் விலை விழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2023 வரை சும்மா கிடந்தது. இயந்திரம் நன்றாக இருந்தும் நின்றுபோன ஒன்றை எந்தப் புது மூலக்கூறு காப்பாற்றும்?

சூரிய மின்சாரமும் காற்றாலையும் மலிந்துவிட்ட பிறகு, நிலக்கரியின் புகையைக் கழுவ ஒரு தலைமுறை ஆய்வாளர்களைச் செலவழிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

#4 அடிப்பாறை

நிலவியல் பக்கத்திலிருந்து வருகிறேன். வெயிலோன் சொன்ன கணக்கு சரி. ஆனால் எண்ணெய் எடுப்பது வேறு, புதைப்பதற்காகவே புதைப்பது வேறு. இரண்டாவதற்கு 30 வருஷ அனுபவம் கைவசம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் கரியமில வாயு 31 டிகிரி, 74 பார் என்ற எல்லையைத் தாண்டிவிடும். அப்போது அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. திரவத்தின் கனம், வாயுவின் ஓட்டம். மேலே ஒரு பெரிய அறையை நிரப்பும் வாயு அங்கே ஒரு பீப்பாய்க்குள் அடங்கும். ஆனால் காலியான குகைக்குள் அது போவதில்லை. மணற்பாறையின் மயிரிழைத் துளைகளுக்குள் போகிறது. அந்தத் துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சக் கதை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் வட கடலில் ஸ்லைப்னர் எரிவாயு வயல். நார்வே 1991இல் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. அந்த வயலின் எரிவாயுவில் 9 சதவீதம் வரை கரியமில வாயு. எப்படியும் பிரித்தாக வேண்டும்; பிரித்ததை வானத்தில் விட்டால் வரி. 1996இலிருந்து உட்சீரா மணற்பாறையில் இறக்குகிறார்கள், ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்ற கணக்கில் தொடங்கினார்கள். கப்பலிலிருந்து ஒலி அலைகளை அனுப்பி, வாயு எங்கே பரவுகிறது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மீட்டர் தடிமன் உள்ள களிப்பாறை அடுக்குகள் வாயுவைத் தடுத்து நிறுத்தும் என்று நினைத்தார்கள். 1999க்குள்ளேயே அது அவற்றையெல்லாம் கடந்து மேல் அடுக்கைத் தொட்டிருந்தது. தடித்த மூடுபாறை அதற்கு மேல் தாங்கி நிற்கிறது, கசியவில்லை. ஆனால் பாறை நம் வரைபடத்தைக் கேட்டு நடப்பதில்லை என்று முதல் பாடம் அங்கே கிடைத்தது.

அப்புறம் ஸ்னோவிட், அதே நார்வே, அதே ஆட்கள், 2008. டூபோயன் என்ற பாறையில் இறக்கினார்கள். உப்புநீர் விலகிப் போக இடமில்லாமல் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. 2011இல் வேறு அடுக்குக்கு மாறினார்கள்.

அல்ஜீரியாவின் இன் சலா, 2004 முதல் 2011 வரை 38 லட்சம் டன். மணற்பாறையின் தடிமன் சுமார் 20 மீட்டர்தான். மேலே பாலைவனத் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்தது, செயற்கைக்கோள் ரேடாரில் தெரிந்தது. அழுத்தம் மூடுபாறையின் அடிப்பகுதியைப் பிளக்கிறதோ என்ற கவலையில் நிறுத்தினார்கள். நடுவில் ஒரு பழைய கிணறு வழியாகக் கொஞ்சம் கசிந்து, அதை அடைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் கோர்கன், 2019 ஆகஸ்டில் இறக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை என்று திட்டம். அழுத்தத்தைக் குறைக்கத் தண்ணீரை வெளியே எடுக்கத் தனிக் கிணறுகள் போட்டார்கள். அவற்றில் மணல் அடைத்தது. சமீப ஆண்டுகளில் திட்டத்தில் பாதிகூட இறங்கவில்லை.

இவற்றில் எங்கேயாவது பிடிக்கும் வேதியியல் தோற்றதா? இல்லை. தண்ணீர் போக இடமில்லை, மணல் அடைத்தது, பழைய கிணறு சரியாக மூடவில்லை. நறுமுகை கேட்ட "எங்கே தடுமாறுகிறது" என்பதற்கு என் பக்கத்துப் பதில் இதுதான்.

#5 நறுமுகை

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. அடிப்பாறை அண்ணா, ஒரு பயம். கசிந்தால் என்ன ஆகும்? கேமரூனில் நியோஸ் ஏரி 1986இல் ஒரே இரவில் சுமார் 1,700 பேரைக் கொன்றதைப் படித்திருக்கிறேன். அதுவும் இதே வாயுதானே.

#6 அடிப்பாறை

> அதுவும் இதே வாயுதானே

அதே வாயுதான். பயப்பட வேண்டிய கேள்விதான், தள்ளிவிடக் கூடாது. நியோஸில் எரிமலை வாயு ஏரியின் அடித் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் கரைந்து சேர்ந்து, ஒரே நேரத்தில் பொங்கியது. தண்ணீருக்கு அப்படிப் புரளும் இயல்பு உண்டு. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் மணற்பாறையின் துளைகளில் சிக்கிய வாயு அப்படி ஒட்டுமொத்தமாகக் கிளம்ப வழியில்லை. காலம் போகப் போக ஒரு பகுதி துளைகளில் சிறு குமிழ்களாகச் சிக்கி நிற்கும், ஒரு பகுதி உப்புநீரில் கரையும், கரைந்தது கனத்து கீழே இறங்கும், கடைசியில் கொஞ்சம் கல்லாகும்.

ஆபத்து பாறையில் இருப்பதைவிட நாம் போடும் எஃகில்தான் அதிகம். மிசிசிப்பியில் சட்டார்ஷியா ஊருக்குப் பக்கத்தில், 2020 பிப்ரவரியில் கனமழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் வண்டிகளின் இன்ஜின்கள் நின்றுபோயின, மீட்க வந்தவர்களே திணறினார்கள். காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும். அந்த மக்களிடம் போய் "புள்ளிவிவரப்படி பாதுகாப்பானது" என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் போகும் பாதை, காற்று வீசும் திசை, அவசரகாலத்தில் யார் எங்கே ஓடுவது, இதெல்லாம் முதலில் பேசப்பட வேண்டியவை.

இல்லினாயின் டிகேட்டரில் 2024இல் தெரியவந்தது இன்னும் யோசிக்க வைத்தது. வாயு எங்கே போகிறது என்று பார்க்கப் போட்ட கண்காணிப்புக் கிணற்றின் எஃகே அரித்து, அதன் வழியாக அனுமதியில்லாத அடுக்குக்குள் கசிந்திருந்தது. குடிநீர் அடுக்குக்கு மிகக் கீழே நடந்ததால் யாருக்கும் கேடு வரவில்லை. ஆனால் ஈரமான கரியமில வாயு என்பது கார்பானிக் அமிலம். அதற்கு எந்த எஃகு எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்விக்கு உழைக்க ஆள் போதவில்லை என்பது என் ஆதங்கம்.

#7 கோபுரத்தடி

எஃகு பற்றிச் சொன்னீர்களே, மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

கனடாவின் பவுண்டரி டாம் 3 பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 2014 அக்டோபரில் தொடங்கியது, நிலக்கரி மின் நிலையத்தில் முழு அளவில் வந்த முதல் பிடிப்பு பிளாண்ட். ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்றார்கள். 50 லட்சம் டன்னைத் தொட 2023 ஆனது. ஏன்? சாம்பல் தப்பி வந்து வெப்பமாற்றிகளிலும் கோபுரத்தின் அடுக்குகளிலும் படிந்தது. அமீன் நினைத்ததைவிட வேகமாகச் சிதைந்தது. 2021இல் அமுக்கும் இயந்திரத்தின் மோட்டார் பழுதாகி மாதக்கணக்கில் இழுத்தது.

இதைத் தோல்விப் பட்டியலில் சேர்த்து மூடிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே நின்றவர்கள் ஒவ்வொரு வெப்பமாற்றிக்கும் மாற்று வைத்தார்கள், ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று ஓடும்படி. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் முதலில் வரைந்தவர்களின் மனதில் அது இல்லை, ஏனென்றால் அவர்கள் கையில் இருந்தது சுத்தமான வாயுவில் எடுத்த எண்கள். நார்வேயில் மாங்ஸ்டாட் என்ற சோதனைக் கூடம் 2012இலிருந்து நிஜப் புகையில் கரைப்பான்களை ஓட்டுகிறது. சிதைந்த அமீன் காற்றில் கலந்தால் நைட்ரோசமீன் மாதிரி புற்றுநோய்ப் பொருட்கள் உருவாகுமா என்பதைக்கூட அங்கே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த மாதிரி இடங்கள் இன்னும் பல வேண்டும்.

#8 சுண்ணப்பொடி

சிமெண்ட் ஆள் நான். வெயிலோனுக்கு ஒரு வார்த்தை.

மின்சாரத்துக்கு நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடும் கரியமில வாயுவும் வரும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் வரும். சிமெண்ட் ஆலை வெளிவிடுவதில் ஏறக்குறைய 60 சதவீதம் எரிபொருளிலிருந்து இல்லை, கல்லிலிருந்தே. உலகத்தின் மொத்தக் கரியமில வாயுவில் சிமெண்ட்டின் பங்கு 7 அல்லது 8 சதவீதம். சாம்பலும் களிமண்ணும் கலந்து சுண்ணத்தைக் குறைக்கிறோம், குறைத்துக்கொண்டே இருக்கிறோம், ஆனால் பூஜ்யத்துக்கு வராது.

நார்வேயில் பிரேவிக் ஆலை 2025 ஜூனில் பிடிப்பு பிளாண்ட்டைத் திறந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன், ஆலை விடுவதில் ஏறக்குறைய பாதி. பாதியோடு நிறுத்தியதற்குக் காரணம், சூளையின் வீணாகும் வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும். கோபுரத்தடி சொன்ன அந்த 120 டிகிரிச் செலவை வீணாகும் சூட்டிலிருந்தே எடுக்கிறார்கள். பிடித்ததைக் கப்பலில் ஏற்றி, ஓய்கார்டனில் இறக்கி, சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் அனுப்பி, கடலடிக்குக் கீழே 2,600 மீட்டரில் விடுகிறார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் முதல் சுமை கீழே போனது. அந்தச் செய்தியை எங்கள் ஆலைக் கட்டுப்பாட்டு அறையில் சத்தமாக வாசித்தோம்.

நறுமுகைக்கு இன்னொன்று. பெல்ஜியத்தில் லிக்ஸ் ஆலையில் 2019இலிருந்து ஒரு சோதனை. எஃகுக் குழாய்க்கு வெளியே நெருப்பு, உள்ளே சுண்ணாம்புப் பொடி விழுந்துகொண்டே சுடும். நெருப்பின் புகை தனி, கல்லிலிருந்து வரும் வாயு தனி. கல்லின் பங்கைப் பிரித்தெடுக்கக் கரைப்பானே வேண்டாம், கலக்காமல் இருந்தால் போதும். எஃகு அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் சிக்கல்.

#9 வெயிலோன்

சுண்ணப்பொடி, கல்லிலிருந்து வரும் பங்கை நான் கணக்கில் எடுக்கவில்லை. சிமெண்ட்டுக்குச் சரி என்று ஏற்கிறேன். நிலக்கரி மின் நிலையத்துக்கு இன்னும் இல்லை. புதைக்க நல்ல பாறை கொஞ்சம்தான் தயாராக இருக்கிறது என்றால், அதில் இறங்க வேண்டியது வேறு வழியே இல்லாத கரியமில வாயு. வழி இருப்பவர்கள் அந்த இடத்தை அடைக்கக் கூடாது.

காற்றிலிருந்தே நேராக உறிஞ்சுவது பற்றி யாராவது?

#10 மென்காற்று

சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம். நிலக்கரிப் புகையில் 12, 13. கோட்பாட்டுக் குறைந்தபட்ச ஆற்றலே காற்றுக்கு மூன்று மடங்கு. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு டன் எடுக்க 13 லட்சம் கன மீட்டர் காற்றையாவது விசிறியால் தள்ள வேண்டும். ஐஸ்லாந்தில் ஓர்கா பிளாண்ட் 2021இல் ஆண்டுக்கு 4,000 டன் திறனோடு வந்தது, மேமத் 2024இல் 36,000 டன் திறனோடு. சிறியதுதான். ஏற்கெனவே விட்டதைத் திரும்ப எடுக்க வேண்டிய நாள் வரும், அன்றைக்கு இது வேண்டும். இன்றைக்குப் புகைக்கூண்டை மூடாமல் காற்றைத் துழாவுவது முறையான வரிசை இல்லை.

ஐஸ்லாந்தில் எனக்குப் பிடித்தது புதைக்கும் விதம். கார்ப்ஃபிக்ஸ் குழு 2012இல் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் விட்டது. இரண்டு வருஷத்துக்குள் 95 சதவீதம் கல்லாகிவிட்டதை 2016இல் வெளியிட்டார்கள். ஒரு டன்னுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும் என்பதுதான் இடைஞ்சல்.

#11 நறுமுகை

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நேற்று பேராசிரியரைப் பார்த்தேன்.

எங்கள் துறையிலேயே ஒரு உதாரணம் இருந்ததை இப்போதுதான் சரியாகக் கவனித்தேன். மெக்னீசியம் மாஃப்-74 என்று ஒரு பொருள். உலர்ந்த வாயுவில் அதன் கொள்ளளவு அபாரம். எல்லா வகுப்பிலும் காட்டுவார்கள். ஈரம் பட்டால் சரிந்துவிடும். புகை என்றாலே ஈரம். கால்ஃப்-20 என்று இன்னொன்று, துத்தநாகத்தில் செய்தது, 2021இல் வெளிவந்தது. கொள்ளளவில் முதல் இடம் இல்லை. ஆனால் நீராவியையும் அமில வாயுவையும் தாங்குகிறது, எளிய பொருட்களிலிருந்து பெருமளவில் செய்ய முடிகிறது. தொழிற்சாலை வரைக்கும் போனது அதுதான்.

அதனால் சேர்கிறேன். தலைப்பை மட்டும் மாற்றக் கேட்டேன். அதிகக் கொள்ளளவுள்ள புதுப் பொருள் என்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே இருக்கும் மூன்று பொருட்கள் ஈரமும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் கலந்த வாயுவில், ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு எப்படிச் சிதைகின்றன என்று. "இதில் பளபளப்பான தாள்கள் வராது" என்றார். வராவிட்டால் பரவாயில்லை என்றேன். யோசித்துவிட்டு, சிமெண்ட் ஆலைப் புகையின் கலவையை வைத்துத் தொடங்கு என்றார்.

சுண்ணப்பொடி அண்ணா, சூளையிலிருந்து வரும் புகையில் என்னென்ன எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியுமா?

#12 சுண்ணப்பொடி

நிச்சயம். கரியமில வாயு 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும், நிலக்கரிப் புகையைவிட அதிகம். அது உங்களுக்கு நல்லது. கந்தகம் கல்லைப் பொறுத்து ஏறும் இறங்கும். தூசியை மறக்காதீர்கள், அது காரம், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சராசரி எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சூளையை நிறுத்தித் திரும்பத் தொடங்கும் சில மணி நேரத்தில் வருவதுதான் மோசமான புகை. அந்த நேரத்து அளவுகளையும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

#13 கோபுரத்தடி

தங்கச்சி, தூளை அப்படியே வைத்துச் சோதிக்க வேண்டாம். பிளாண்ட்டில் அதை உருண்டையாகவோ தகடாகவோ பசை போட்டுத்தான் கட்டுவார்கள். பல நேரம் பொருள் நிற்கும், பசைதான் முதலில் விடும். உருண்டையை எடை போட்டு, 500 சுற்று முடிந்ததும் சல்லடையில் போட்டு எவ்வளவு பொடி உதிர்ந்தது என்று பாருங்கள். அந்த எண்ணை இங்கே வந்து எழுதுங்கள், காத்திருப்பேன்.